நாடிழந்தவர் வரைந்த தேசப்படம்

எமது கல்லூரியின் நூற்றாண்டு மலருக்கு ஒரு கட்டுரை தரும்படி பழைய மாணவிகள் சங்கத்தினர் கேட்டபோது, நீரிழிவு பற்றியோ இரத்த அழுத்தம் பற்றியோ எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். என் தொழில் அப்படி. ஆனால் நூறு ஆண்டுகளாகப் பெண்பிள்ளைகளுக்கு அறிவூட்டிய ஒரு கல்விக்கூடத்தின் மலரில் ஓர் ஆசிரியரின் வாழ்க்கையை எழுதுவதே பொருத்தம் என எனக்குப் பட்டது. அவர் எம் நாட்டவர் அல்லர். இறந்து 350 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. ஆயினும் வரலாறும் புவியியலும் சமூகம் பற்றிய அறிவும் பாடசாலையில் ஏன் இருக்கவேண்டும், அவற்றை எந்த வயதில் எப்படித் தொடங்கவேண்டும் என்று முழுமையாகச் சிந்தித்து எழுதிய முன்னோடிகளுள் அவர் முதன்மையானவர். ஆசிரிய கலாசாலைகளில் பயின்ற எமது அக்காமாருக்கு அவர் பெயர் தெரிந்திருக்கும். அவர்தான் யான் ஆமோஸ் கொமேனியஸ்.

எங்கள் காலத்தில் க.பொ.த. சாதாரண தரத்துக்குச் சமூகக்கல்வியும் வரலாறும் என்று ஒரே பாடம் இருந்தது. பின்னர் வரலாறு தனிப்பாடமாகியது. புவியியலும் குடியியற் கல்வியும் தெரிவுப் பாடங்களுக்குள் சேர்ந்தன. பாடங்களின் பெயர்கள் மாறினாலும் வீடுகளில் கேட்கும் கேள்வி மாறவில்லை. டொக்டராகவோ எஞ்சினியராகவோ வரவேண்டிய பிள்ளை, பொலன்னறுவை மன்னர்களின் ஆண்டுகளையும் பருவப்பெயர்ச்சிக் காற்றுகளின் திசைகளையும் எதற்காகப் பாடமாக்க வேண்டும்? என்னிடம் மருந்துக்கு வரும் பெற்றோர்கூட இதைக் கேட்பதுண்டு. கொமேனியஸின் வாழ்க்கையைச் சொல்வதுதான் இதற்கு நான் தரக்கூடிய நல்ல விடை.

பிள்ளைப் பருவம்

கொமேனியஸ் 1592 மார்ச் 28 அன்று மொராவியாவில் பிறந்தார். இன்றைய செக் குடியரசின் கிழக்குப் பகுதியே மொராவியா. அவருடைய தாய்மொழி செக். குடும்பப் பெயர் கொமென்ஸ்கி. அறிஞர்கள் இலத்தீனில் எழுதிய அந்த நாளின் வழக்கப்படி அது கொமேனியஸ் ஆயிற்று. அவருடைய குடும்பம் யான் ஹுஸ் என்னும் சீர்திருத்தவாதியின் வழிவந்த சகோதரர் ஐக்கியம் என்ற சிறிய கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தது. எளிய வாழ்க்கை, தாய்மொழியில் வழிபாடு, பிள்ளைகளுக்குக் கல்வி ஆகிய மூன்றையும் அந்தச் சபை பெரிதாக மதித்தது. வேதாகமத்தை அழகிய செக் மொழியில் அச்சிட்டு வெளியிட்டதும் அந்தச் சபையே.

பன்னிரண்டு வயதளவில் அவர் தந்தையையும் தாயையும் இரு சகோதரிகளையும் இழந்தார். அத்தை ஒருவர் பொறுப்பெடுத்தார். சிறிது காலத்தில் அத்தையின் ஊரையும் போர் சூறையாடியது. எனவே முறையான இலத்தீன் பாடசாலைக்குப் போகும் வாய்ப்பு அவருக்குப் பதினாறு வயதில்தான் கிடைத்தது. சின்னஞ்சிறு பையன்களோடு ஒரே வாங்கில் அமர்ந்து இலத்தீன் இலக்கணம் படித்தார்.

பிந்திப் படிக்க வந்ததால் ஒரு நன்மையும் உண்டாயிற்று. சின்ன வயதில் சேர்ந்தவர்களுக்குப் பழகிப்போன கொடுமை அவருடைய வளர்ந்த கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தது. பொருள் விளங்காத விதிகளை ஆண்டுக்கணக்கில் மனனம் செய்தார்கள். பிழை விட்டால் பிரம்படி கிடைத்தது. ஆற்றையும் மலையையும் யன்னலுக்கு வெளியே வைத்துக்கொண்டு, அவற்றின் இலத்தீன் பெயர்களை மட்டும் உருப்போட்டார்கள். அந்தப் பாடசாலைகளைப் பற்றி அவர் பின்னாளில் மிகக் கசப்பாக எழுதினார். பிள்ளைகளின் மனங்கள் அங்கே வளர்வதற்குப் பதிலாக நசுங்கிப் போயின என்பது அவருடைய முறைப்பாடு.

1611இல் ஜேர்மனியின் ஹெர்போர்ன் நகருக்கு உயர்கல்விக்காகச் சென்றார். அங்கே அல்ஸ்டெட் என்னும் பேராசிரியர் உலகிலுள்ள அறிவு முழுவதையும் ஒரே கலைக்களஞ்சியமாகத் தொகுக்கும் முயற்சியில் இருந்தார். அறிவெல்லாம் ஒன்றோடொன்று தொடர்புடையது என்ற எண்ணம் அங்கேதான் கொமேனியஸின் உள்ளத்தில் வேரூன்றியது. பின்னர் ஹைடல்பேர்க்கில் படித்தபோது, 1614இல், வானியல் அறிஞர் கொப்பர்னிக்கஸ் தம் கையால் எழுதிய நூலின் மூலப்பிரதியே அங்கே விலைக்கு வந்தது. இந்த ஏழை மாணவர் அதை வாங்கினார். படிப்பு முடிந்து ஊர் திரும்பிய நெடும்பயணத்தைக் கால்நடையாகவே முடித்தார்.

தேசப்படமும் பிரிவும்

ஊரில் முதலில் ஆசிரியராகவும், 1618இலிருந்து ஃபுல்னெக் என்ற சிறுநகரில் போதகராகவும் பாடசாலைப் பொறுப்பாளராகவும் பணியாற்றினார். திருமணமாயிற்று, பிள்ளைகள் பிறந்தார்கள். அவருடைய வாழ்வில் அமைதி நிலவியது அந்தச் சில ஆண்டுகள் மட்டுமே. அதே 1618இல் ஐரோப்பாவின் முப்பதாண்டுப் போர் தொடங்கியது. 1620 நவம்பர் 8 அன்று பிராக் நகருக்கு அருகேயுள்ள வெண்மலையில் நடந்த ஒரே சமரில் செக் மக்களின் படை தோற்றது. அதன்பின் கத்தோலிக்க மதத்தைத் தழுவாதவர்களுக்கு அந்த நாட்டில் இடமில்லாமற் போயிற்று.

எங்கள் சமூகக்கல்வி ஆசிரியை எங்களுக்கு ஒரு பழக்கத்தை ஏற்படுத்தியிருந்தார். பிறநாட்டு வரலாற்றில் ஓர் ஆண்டு வந்தால், அந்த ஆண்டுகளில் எம் நாட்டில் என்ன நடந்தது என்று கொப்பியின் எதிர்ப்பக்கத்தில் எழுதவேண்டும். அந்தப் பழக்கத்தின்படி பார்த்தால், வெண்மலைச் சமருக்கு ஓராண்டு முன்னர், 1619இல், போர்த்துக்கேயர் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றினார்கள். ஒருவரையொருவர் அறியாத இரு சிறிய நாட்டு மக்கள், உலகின் இரு மூலைகளில், ஓராண்டு இடைவெளியில் தம் ஆட்சியையும் வழிபாட்டு உரிமையையும் இழந்திருக்கிறார்கள்.

1621இல் படையினர் ஃபுல்னெக் நகரைச் சூறையாடினார்கள். கொமேனியஸ் தலைமறைவானார். அடுத்த ஆண்டு கொள்ளைநோய் வந்தது. அவருடைய இளம் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அதில் இறந்துபோனார்கள். 1623இல் அவர் விட்டுவந்த நூல்களை நகரச் சதுக்கத்தில் குவித்து எரித்தார்கள். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்று.

இப்படி ஒளிந்து வாழ்ந்த ஆண்டுகளில் அவர் முடித்த வேலைகளுள் ஒன்று என்னை எப்போதும் வியக்க வைப்பது. மொராவியாவுக்கு ஒரு தேசப்படம் வரைந்து முடித்தார். ஏற்கனவே இருந்த படத்தில் ஊர்களின் பெயர்களும் இடங்களும் பிழையாக இருந்தன. தாம் நடந்து அறிந்த நாட்டை அவர் திருத்தி வரைந்தார். ஆறுகள், மலைகள், நகரங்கள் மட்டுமன்றி, திராட்சைத் தோட்டங்கள், சுரங்கங்கள், கண்ணாடிப் பட்டறைகள் ஆகியவற்றுக்கும் தனித்தனிக் குறியீடுகள் இட்டார். மக்கள் எங்கே வாழ்கிறார்கள் என்பதோடு எதைச் செய்து வாழ்கிறார்கள் என்பதும் அந்தப் படத்தில் தெரிந்தது. 1627இல் அது அம்ஸ்டர்டாமில் அச்சேறியது. நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பல பதிப்புகள் கண்டது.

படம் அச்சான மறு ஆண்டு, 1628 பெப்ரவரியில், கடுங்குளிரில் அவர் தம் சபையாரோடு எல்லை கடந்து போலந்துக்குப் போனார். தாம் பிறந்த மொராவியாவில் நிலையாக வாழ அதன்பின் அவருக்கு வாய்க்கவேயில்லை. அந்த நாட்டை ஐரோப்பா முழுவதும் அவருடைய படத்தைப் பார்த்தே அறிந்தது.

அகதி எழுதிய கல்வித் திட்டம்

போலந்தின் லெஷ்னோ நகரில் அகதிகளுக்கு இடம் கிடைத்தது. அங்கிருந்த பாடசாலையில் கொமேனியஸ் ஆசிரியரானார். போர் ஓய்ந்து நாடு திரும்பும் நாள் விரைவில் வரும் என்று அவர் நம்பினார். திரும்பியதும் கோட்டைகளுக்கு முன்னர் பாடசாலைகளைக் கட்டவேண்டும் என்று எண்ணினார். அதற்கான திட்டமாகத்தான் பெரும் கற்பித்தலியல் என்ற நூலை எழுதத் தொடங்கினார். முதலில் அதைச் செக் மொழியில்தான் எழுதினார். பின்னர் உலகத்தார் படிக்க இலத்தீனில் விரித்தார்.

அந்த நூலின் அடிப்படை எளியது. ஆண், பெண், செல்வர், ஏழை, நகரத்தார், கிராமத்தார் என்ற வேறுபாடு இல்லாமல் எல்லாப் பிள்ளைகளும் பாடசாலைக்குப் போகவேண்டும். பெண்களுக்கும் கூர்மையான அறிவு உண்டு, அவர்களை அறிவிலிருந்து ஒதுக்கி வைக்க எந்த நியாயமும் இல்லை என்று பதினேழாம் நூற்றாண்டில் அவர் எழுதினார். பெண் கற்பதன் பயனை அவர் பெரும்பாலும் வீட்டோடும் குடும்பத்தோடும் சேர்த்தே பார்த்தார் என்பதையும் சொல்லவேண்டும். அது அவர் காலத்தின் எல்லை. ஆனால் கதவைத் திறந்துவிட்டால் உள்ளே வருபவர் எவ்வளவு தூரம் போவார் என்பதைத் திறந்தவர் தீர்மானிக்க முடியாது. நூறு ஆண்டுகளாக எமது கல்லூரி வாசலால் வெளியேறியவர்களின் பட்டியலைப் பார்த்தாலே அது தெரியும்.

வாழ்வின் முதல் இருபத்துநான்கு ஆண்டுகளை அவர் ஆறாறு ஆண்டுகளாக நான்கு கூறாக்கினார். ஆறு வயதுவரை தாயின் மடியே பாடசாலை. பன்னிரண்டு வயதுவரை ஒவ்வோர் ஊரிலும் தாய்மொழிப் பாடசாலை. பதினெட்டு வயதுவரை நகரங்களில் இலத்தீன் பாடசாலை. இதுவே எமது இடைநிலைக் கல்விக்கு ஒப்பானது. அதன் மேலே பல்கலைக்கழகம்.

புவியியலும் வரலாறும் இந்த நான்கிலும் உண்டு என்பதுதான் முக்கியம். தாயின் மடியிலிருக்கும் குழந்தைக்குப் புவியியல் என்றால் குன்று எது, வயல் எது, ஆறு எது, ஊர் எது என்று அறிவது. வரலாறு என்றால் நேற்று என்ன நடந்தது, போன ஆண்டு யார் வந்தார்கள் என்று நினைவில் வைத்திருப்பது. குடியியல் என்றால் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், யார் சொல் கேட்கவேண்டும் என்று தெரிவது. எங்கள் அம்மம்மாமார் திண்ணையில் வைத்து இவற்றையெல்லாம் சொல்லித் தந்தார்கள். அதற்கு ஒரு பாடத்திட்டத்தில் இடமுண்டு என்று எழுதி வைத்தவர் கொமேனியஸ்.

தாய்மொழிப் பாடசாலையில் பிள்ளை தன் நாட்டின் நகரங்களையும் மலைகளையும் ஆறுகளையும் அறிகிறது. பூமி உருண்டை என்பதையும், கடல்கள், கண்டங்கள், அயல்நாடுகள் ஆகியவற்றையும் அதன் பின்னர் அறிகிறது. உலக வரலாற்றின் பொதுப் போக்கும் அங்கே வருகிறது. வீட்டிலும் ஊரிலும் நாள்தோறும் காணும் நடைமுறைகளை விளங்கிக்கொள்ளும் அளவுக்குப் பொருளியலும் அரசியலும் வேண்டும் என்று அவர் வகுத்தார். மேற்படிப்புக்குப் போகமுடியாமல் பன்னிரண்டு வயதில் தொழிலுக்குப் போகும் பிள்ளையும் தன் நாட்டைத் தெரிந்த குடிமகனாகப் போகவேண்டும் என்பதே நோக்கம்.

இடைநிலைப் பாடசாலையின் ஆறு வகுப்புகளுக்கும் ஆறு வகை வரலாற்றை அவர் பங்கிட்டுக் கொடுத்தார். முதலாண்டில் வேதாகம வரலாறு. பின்னர் இயற்கையின் வரலாறு. அடுத்துக் கருவிகளும் கண்டுபிடிப்புகளும் தோன்றிய வரலாறு. அதன்பின் நல்லோர் வரலாறு, பல்வேறு மக்களின் வழக்கங்கள், ஈற்றில் தன் நாட்டை மையமாகக் கொண்ட உலக வரலாறு. இதை ஒரு பரீட்சைக்குப் படித்துவிட்டு மூடிவைக்கும் பாடமாக அவர் கருதவில்லை. கணிதம் கற்கும் ஆண்டிலும் வரலாறு உண்டு. இலக்கணம் கற்கும் ஆண்டிலும் வரலாறு உண்டு. மன்னர்களின் போர்களோடு உழவன், தச்சன், அச்சுத் தொழிலாளி ஆகியோரின் வேலைகளும் வரலாறு என்பதை அவர் தெளிவாகக் கண்டார்.

கற்பிக்கும் ஒழுங்கும் அவருக்கு ஒன்றுதான். அருகில் இருப்பதிலிருந்து தொலைவில் இருப்பதற்குப் போகவேண்டும். முதலில் பொருளைக் காட்டவேண்டும், பிறகு சொல்லைத் தரவேண்டும். அடியால் எதுவும் உள்ளே போகாது.

நாடு நாடாக

1631இல் அவர் வெளியிட்ட மொழிகளின் வாசல் என்ற பாடநூல் அவரை ஐரோப்பா முழுவதும் புகழ்பெறச் செய்தது. உலகத்துப் பொருள்களைப் பற்றிய சிறுசிறு வசனங்களால் இலத்தீன் கற்பிக்கும் நூல் அது. ஐரோப்பிய மொழிகள் பலவற்றுக்கும் அது பெயர்க்கப்பட்டது. அரசுகள் அவரை அழைக்கத் தொடங்கின.

1641இல் இலண்டனுக்குப் போனார். அறிஞர்கள் கூடிப் பணியாற்றும் ஒரு கல்லூரியை அங்கே நிறுவப் பேச்சு நடந்தது. உள்நாட்டுப் போர் மூண்டது, பேச்சு நின்றது. மறு ஆண்டு ஒல்லாந்து வழியாகப் போகையில் தத்துவஞானி தெக்கார்த்தைச் சந்தித்து உரையாடினார். பின்னர் சுவீடன் அரசுக்காகப் பாடநூல்கள் எழுதினார். அந்த வேலை அவருக்குப் பெரிதாக விருப்பமில்லை. ஆனால் சமாதானம் வரும்போது சுவீடன் தம் மக்களுக்காகப் பேசும் என்று நம்பி ஆறு ஆண்டுகள் அதைச் செய்தார்.

1648இல் வெஸ்ட்ஃபாலியா உடன்படிக்கையோடு முப்பதாண்டுப் போர் முடிந்தது. அரசர்கள் கையொப்பமிட்டார்கள். செக் அகதிகள் நாடு திரும்பும் உரிமை அதில் இடம்பெறவில்லை. இருபது ஆண்டுகள் மூட்டையை அவிழ்க்காமல் காத்திருந்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்பதை எங்கள் மண்ணில் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அதே ஆண்டில் இரண்டாவது மனைவியும் இறந்தார். சகோதரர் ஐக்கியத்தின் ஆயராகவும் அவர் அந்தக் காலத்திலேயே பொறுப்பேற்றார். அந்தப் பழைய சபையின் கடைசி ஆயர்களுள் ஒருவராக அவர் நினைக்கப்படுகிறார்.

1650இல் ஹங்கேரியின் சாரொஷ்பட்டாக் நகரிலிருந்து அழைப்பு வந்தது. அழைத்தவர்களுள் ஆட்சிக் குடும்பத்தைச் சேர்ந்த சுசன்னா லொராந்ஃபி என்ற அம்மையாரும் ஒருவர். ஏழு வகுப்புகள் கொண்ட பாடசாலையை அவர் திட்டமிட்டார். மூன்று வகுப்புகளே நடந்தன. அங்கே மாணவர்கள் பாடங்களை நாடகங்களாக நடித்தார்கள். அங்கிருந்தபோதுதான் படங்கள் கொண்ட ஒரு பாடநூலையும் எழுதினார்.

எரிந்த நூல்கள்

1654இல் லெஷ்னோவுக்குத் திரும்பினார். மறு ஆண்டு சுவீடன் மன்னர் போலந்து மீது படையெடுத்தார். புரட்டஸ்தாந்துகளுக்கு விடிவு வந்துவிட்டது என்று எண்ணிய கொமேனியஸ் அந்த மன்னரைப் புகழ்ந்து ஒரு வாழ்த்துரை வெளியிட்டார். தமக்கு இடம் தந்த நாட்டின் எதிரியைப் புகழ்ந்தது பெரும் பிழை. 1656 ஏப்ரலில் போலந்துப் படையினர் லெஷ்னோவை எரித்தபோது, அந்த வாழ்த்துரையும் ஒரு காரணம் என்று பலர் அவர்மீது பழி சொன்னார்கள்.

பிள்ளைகள் கண்ணால் கண்டதை நம்பவேண்டும் என்று கற்பித்த அவர், விரைவில் மீட்சி வரும் என்று சொன்ன சில தீர்க்கதரிசிகளை வாழ்நாள் முழுவதும் நம்பினார். அவர்களின் வாக்குகளைத் தொகுத்து அச்சிடவும் செய்தார். நாடு திரும்பும் ஏக்கம் எவ்வளவு பெரிய அறிஞரின் கண்ணையும் மறைக்கும். அவருடைய வாழ்க்கையைப் படிக்கும் மாணவியர் இந்தப் பக்கத்தையும் படிக்கவேண்டும். பெரியோரின் வரலாறு என்றால் குறைகளை நீக்கிச் சொல்வது அல்ல.

லெஷ்னோ தீயில் அவருடைய வீடு போயிற்று. நூலகம் போயிற்று. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சேர்த்துவந்த செக் மொழிச் சொற்களஞ்சியத்தின் கையெழுத்துப் பிரதியும் சாம்பலாயிற்று. மற்ற இழப்புகளையெல்லாம் தாங்கிய அவர், அந்தச் சொற்களஞ்சியத்துக்காக இறுதிவரை வருந்தினார். திரும்பவும் எழுத ஆயுள் போதாது என்பது அவருக்குத் தெரியும். 1981இல் எமது யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைப் பார்த்த பெற்றோரின் பிள்ளைகள் நாங்கள். ஒரு மொழியின் சொற்களும் ஏடுகளும் எரிவதன் பொருள் எமக்குத் தெரியும்.

1656 ஓகஸ்டில், அறுபத்துநான்கு வயதில், வெறுங்கையோடு அம்ஸ்டர்டாம் போய்ச் சேர்ந்தார். அங்கே ஒரு செல்வந்தக் குடும்பம் ஆதரவு தந்தது. இங்கே மறுபடியும் கொப்பியின் எதிர்ப்பக்கத்தைப் பார்க்கலாம். அதே 1656 மே மாதத்தில்தான் ஒல்லாந்தர் கொழும்பைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினார்கள். 1658 ஜூனில் யாழ்ப்பாணக் கோட்டை அவர்கள் வசமாயிற்று. கொமேனியஸுக்கு அடைக்கலம் தந்த அதே ஒல்லாந்து நாட்டின் வணிகக் கம்பனியே எங்கள் கரையை ஆண்டது. ஒல்லாந்தருடன் யாழ்ப்பாணம் வந்த பால்தேயஸ் பாதிரியார் இங்குள்ள கோயிற்பற்றுகளையும் பாடசாலைகளையும் பற்றி எழுதிய பெருநூல் 1672இல் அம்ஸ்டர்டாமில் அச்சாயிற்று. ஒரே நகரம் ஒருவருக்குப் புகலிடமாகவும் இன்னொருவருக்கு ஆட்சியாளரின் தலைநகராகவும் இருக்கமுடியும் என்பதை வரலாறும் தேசப்படமும் சேர்ந்தால்தான் காணமுடியும்.

படங்களில் உலகம்

1657இல் அவருடைய கல்வி நூல்கள் அனைத்தும் ஒரே தொகுதியாக அம்ஸ்டர்டாமில் வெளிவந்தன. 1658இல் ஜேர்மனியின் நியூரம்பேர்க் நகரில் படங்களில் உலகம் என்ற நூல் அச்சேறியது. 150 அத்தியாயங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு படம், படத்திலுள்ள பொருள்களுக்கு இலக்கங்கள், அந்த இலக்கங்களுக்கு எதிரே இலத்தீனிலும் தாய்மொழியிலும் சிறு வசனங்கள். எழுத்தைக் கற்பிக்கும் பக்கத்தில் காகம் கரைகிறது, ஆட்டுக்குட்டி கத்துகிறது. இன்று முன்பள்ளிப் பிள்ளையின் கையிலிருக்கும் படப் புத்தகங்களுக்கெல்லாம் அந்த நூலே மூத்தது.

வானம், நெருப்பு, காற்று, நீர், மண் என்று தொடங்கி, மரங்கள், விலங்குகள், மனிதன் என்று அது போகிறது. மனித உடலின் வெளியுறுப்புகள், உள்ளுறுப்புகள், எலும்புகள் எல்லாவற்றுக்கும் படமுண்டு. பின்னர் வெதுப்பகம், மீன்பிடி, தச்சுத் தொழில், அச்சுக்கூடம் வருகின்றன. நாடித்துடிப்புப் பார்க்கும் வைத்தியரும் வருகிறார். பூமியின் இரு அரைக்கோளங்களுக்கும் ஐரோப்பாவுக்கும் தேசப்படங்கள் உண்டு. நகரம், நீதிமன்றம், வணிகம், போர் ஆகியனவும் உண்டு. யூத மதம், கிறிஸ்தவம், இஸ்லாம் ஆகியவற்றுக்கும் இடமுண்டு. மதத்துக்காக நாடிழந்த ஒருவர், பிறர் எதை நம்புகிறார்கள் என்று சிறுபிள்ளைகள் அறியவேண்டும் என்று எண்ணியிருக்கிறார். சமூகக்கல்வி என்ற சொல் தோன்றுவதற்கு முன்னரே அந்தப் பாடம் அங்கே இருந்தது. ஜேர்மன் கவிஞர் கோதே தம் சிறுவயதில் விரும்பிப் பார்த்த புத்தகங்களுள் அதுவும் ஒன்று.

இறுதிக் காலத்தில் மனித வாழ்வைத் திருத்துவது பற்றி ஏழு பாகங்கள் கொண்ட பெருநூல் ஒன்றை எழுதினார். மனிதர் ஒருவரையொருவர் அறியாமையால்தான் போரிடுகிறார்கள் என்பது அதன் உள்ளக்கிடக்கை. அதன் நாலாம் பாகம் கல்வி பற்றியது. கருவிலிருக்கும் காலத்திலிருந்து முதுமை, மரணம்வரை வாழ்வின் ஒவ்வொரு பருவமும் ஒரு பாடசாலை என்று அதில் வகுத்தார். தாய்சேய் நலச் சிகிச்சை நிலையத்திலும் முதியோர் விடுதியிலும் வேலை செய்த எனக்கு அந்தப் பகுதி மிக நெருக்கமானது. நூல் முழுமையாக அச்சேறாமலே அவர் காலம் முடிந்தது. நீண்டகாலம் காணாமற் போயிருந்த கையெழுத்துப் பிரதி 1930களில் ஜேர்மனியின் ஹல்லே நகரிலிருந்த ஓர் அநாதை இல்லத்தின் நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டது. 1966இல் பிராக் நகரில் அது முழுமையாக வெளியாயிற்று.

1667இல், எழுபத்தைந்து வயதில், இங்கிலாந்துக்கும் ஒல்லாந்துக்கும் இடையே பிரேடா நகரில் சமாதானப் பேச்சு நடந்தபோது, இரு தரப்பாரும் போரை நிறுத்தவேண்டும் என்று வேண்டி ஒரு விண்ணப்பம் எழுதிக்கொண்டு போனார். 1670 நவம்பர் 15 அன்று அம்ஸ்டர்டாமில் காலமானார். அருகேயுள்ள நார்டன் நகரில் அடக்கம் செய்யப்பட்டார். இன்று செக் மக்கள் அவருடைய பிறந்தநாளான மார்ச் 28ஐ ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். அவர்களின் 200 கொருனா தாளில் அவருடைய முகம் இருக்கிறது. உயிரோடு திரும்ப முடியாத நாட்டில் அவர் இப்போது எல்லோர் கையிலும் இருக்கிறார்.

எமது மாணவியருக்கு

முதலில் சொன்ன கேள்விக்கு வருகிறேன். வைத்தியராக வரப்போகும் பிள்ளைக்கு இந்தப் பாடங்கள் எதற்கு?

ஒரு நோயாளி வந்து அமர்ந்ததும் ஸ்டெதஸ்கோப்பை எடுக்குமுன் நாங்கள் கேட்பது அவருடைய வரலாற்றைத்தான். எப்போது தொடங்கியது, அதற்கு முன் என்ன நடந்தது என்று கேட்கிறோம். அடுத்து ஊரையும் தொழிலையும் கேட்கிறோம். காய்ச்சலோடு வருபவர் வயலில் இறங்கி வேலை செய்தவர் என்றால் எலிக்காய்ச்சலை நினைக்கவேண்டும். வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி மழை பெய்து முடியும் மாதங்களில் யாழ்ப்பாணத்துக் காய்ச்சல் என்றால் டெங்குவை நினைக்கவேண்டும். வடமத்திய மாகாணத்து விவசாயி என்றால் சிறுநீரகத்தைக் கவனிக்கவேண்டும். எங்கே, எப்போது, எப்படி வாழ்பவர் என்ற மூன்றையும் கேட்கத் தெரியாதவருக்கு ஆய்வுகூட அறிக்கை மட்டும் போதாது. இவற்றைக் கேட்கும் பழக்கத்தை எனக்குத் தந்தது மருத்துவபீடம் மட்டுமல்ல. சமூகக்கல்விக் கொப்பிக்கும் அதில் பங்குண்டு.

அதைவிடப் பெரிய காரணமும் உண்டு. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்கு ஓரிரவில் நடந்த தலைமுறை எங்களுடையது. மர நிழலிலும் தற்காலிகக் கொட்டிலிலும் படித்தோம். எங்களுக்கு நடந்தது எங்களுக்கு மட்டுமே நடந்தது என்று அப்போது எண்ணத் தோன்றும். வரலாறு படித்தால்தான், வேறு காலத்தில் வேறு மண்ணில் இன்னொரு மக்களும் இப்படி நடந்தார்கள் என்று தெரியவரும். அது துயரத்தைக் குறைக்காது. ஆனால் பிறர் துயரத்தைக் கண்டால் அடையாளம் காணும் ஆற்றலைத் தரும். எங்கள் நாட்டின் எல்லாச் சமூகங்களின் பிள்ளைகளுக்கும் அந்த ஆற்றல் வேண்டும். தன் ஊரின் வரலாற்றை மட்டும் படித்த பிள்ளைக்கு அது முழுமையாக வாய்க்காது. தன் ஊரின் வரலாற்றையே அறியாத பிள்ளைக்கோ அது வாய்க்கவே வாய்க்காது.

எனவே இந்நூற்றாண்டில் எமது சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். ஆண்டுதோறும் தரம் 8 மாணவியர் ஒவ்வொருவரும் தத்தம் ஊருக்கு ஒரு தேசப்படம் கையால் வரையட்டும். குளம், கேணி, கோயில், தேவாலயம், பள்ளிவாசல், வாசிகசாலை, சந்தை, கைவிடப்பட்ட வீடுகள் எல்லாம் அதில் இருக்கட்டும். அந்தப் படத்தோடு, ஊரின் வயது முதிர்ந்த ஒருவர் சொன்னதைக் கேட்டு இரண்டு பக்கம் எழுதட்டும். சிறந்தவற்றுக்குப் பரிசு தருவோம். எல்லாவற்றையும் கல்லூரி நூலகத்தில் கட்டி வைப்போம், பிரதிகளை வேறு இரண்டு இடங்களிலும் வைப்போம். எமது மூத்த மாணவிகளில் தொண்ணூறு கடந்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். இந்தக் கல்லூரியின் முதற் கட்டிடத்தில் படித்த அவர்களிடம் கேட்கவேண்டியதை இந்த ஆண்டே கேட்டுவிட வேண்டும்.